குறைந்த எண்ணிக்கை

ஜனவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்க வேண்டும் என்று தெரியும். நான் அப்படி எழுதலாமா என்று தெரியாமல் இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. எழுதிவிட்டேன்.

கப்பலில் குளிர் எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? மாமிக்கு முழங்கால் வலி, வேறு ஒன்றும் இல்லை. மாமா வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து நேராக இங்கே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். போன வாரம் மூன்று லிஃப்டுக்குக் கயிறு மாற்றினோம்.

நாம் இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை, காரணம் எனக்குத் தெரியும். அதனால் இதைக் கேட்பது முறைதானா என்று தெரியவில்லை. எனக்குத் தொழக் கற்றுக்கொடுக்க முடியுமா?

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொள்வதற்காகக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தேன். பாரத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி சொன்னேன். இப்போது அப்படி இல்லை. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்துவிட்ட அவளுக்காக அல்லாஹ்விடம் கேட்க வேண்டும். கேட்கிற முறை தெரியவில்லை. அவ்வளவுதான்.

பள்ளிவாசலில் போய்க் கேட்டால், "இவ்ளோ நாளா என்னப்பா செஞ்சிட்டு இருந்தே?" என்பார்கள். மாமாவிடம் கேட்க முடியாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். உங்களிடம் கேட்கலாம். நீங்கள் முதலிலிருந்தே என்னை நம்பவில்லை. அதனால் உங்களிடம் எனக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஸலாம் சொல்றதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. தாளைக் கிழிக்காதே.

நான் நல்லா இருக்கேன். உன் கடுதாசி ரெண்டு துறைமுகம் என்னைத் துரத்திட்டு வந்து மூணாவதுல புடிச்சுது. இருபத்திரெண்டு பேருக்கு மூணு வேளை சமையல். அதுல ஏழு பேருக்குக் காரம் ஆகாது, அஞ்சு பேருக்குக் காரம் இல்லாம இறங்காது. என் பொழப்பு இப்படி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதல்ல ஒளு. கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரைக்கும் கை, தலையில ஈரக்கை, கடைசியா கால். தண்ணியைக் கொட்டாதே. அப்புறம் கிப்லா, அதான் மக்கா இருக்கிற பக்கம், பார்த்து நில்லு. நிக்கிறதே பாதி வேலை. மீதியைத் தனித் தாள்ல வரிசையா எழுதியிருக்கேன். எதுக்கு அப்புறம் எது, எதுல என்ன சொல்லணும், எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கு. உச்சரிப்பு கொஞ்சம் முன்னப்பின்ன வரும். வரட்டும்.

நான் ஒண்ணு கேக்கட்டுமா? தங்கச்சியை அடக்குறதுக்கு முன்னால தொழுத ஜனாஸா எப்படி நடந்துச்சு? யாரு தொழ வச்சாங்க? எத்தனை வரிசை நின்னுச்சு? வாப்பாகிட்ட போன்ல கேட்டேன், அழுதுட்டு உம்மாகிட்ட குடுத்துட்டார். உம்மா மழை பெய்யுதான்னு கேக்குறாங்க. நீ எழுது. போன் பண்ணாதே, போன்ல எனக்குப் பேச்சு வராது.

நேரத்துக்குச் சாப்பிடு.

மச்சான்


மார்ச் 14

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரே தாளில் எழுதியது. நீங்கள் நலமா? இங்கே எல்லாரும் அப்படியே இருக்கிறோம்.

நீங்கள் எழுதிய வரிசையை ஓர் அட்டையில் ஏற்றி பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டேன். லிஃப்ட் பராமரிப்புக்கு எங்களிடம் இப்படித்தான் பட்டியல் இருக்கும். ஒன்று, நிற்பது. இரண்டு, கை தூக்குவது. பதினான்கு வரைக்கும் இருக்கிறது. தரையில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தொழுகிறேன். நெற்றியைத் தரையில் வைக்கும்போது அட்டை தெரிவதில்லை. அடுத்தது என்ன என்று மறந்துவிடுகிறது.

பகல் தொழுகைகள் வேலை செய்கிற கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில். அங்கே யாரும் வர மாட்டார்கள். மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். அது பரவாயில்லை, பழகிய சத்தம்தான்.

வீட்டில் அவளுடைய விரிப்பில் தொழுகிறேன். அவள் நெற்றி பட்ட இடத்தில் நூல் தேய்ந்து வெளுத்திருக்கிறது. முழங்கால் பட்ட இடத்திலும் இரண்டு வட்டம். என் நெற்றியை அந்த இடத்தில் வைத்தால் என் முழங்கால் விரிப்புக்கு வெளியே போய்விடுகிறது. முழங்காலை அந்த வட்டத்தில் வைத்தால் நெற்றி தரையில் இடிக்கிறது. அவள் ஐந்தடி ஒரு அங்குலம்.

அவள் எப்படிப் போனாள் என்று உங்களுக்கு யாராவது முழுதாகச் சொன்னார்களா தெரியாது. கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டிருக்கிறாள். அவர், "ரெண்டு" என்றாராம். பதில் வரவில்லையாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். படம் எனக்குப் புரிந்தது.

ஒரு சந்தேகம். நின்று, குனிந்து, நெற்றி வைத்து எழுகிற சுற்றில் எண்ணிக்கை விட்டுப்போகிறது. மூன்று ரக்அத் ஆனதா, நாலு ஆனதா தெரிவதில்லை. தினமும் இப்படி ஆகிறது. முதலிலிருந்து தொழ வேண்டுமா?

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

வஅலைக்கும் ஸலாம். நலம். கையில சின்னதா சூடு பட்டுச்சு, ஆறிடுச்சு.

அட்டையாம், உறையாம்! பொத்தானை அமுக்கினா மேல போறதுக்கு அது என்ன லிஃப்டா? பாத்திரத்தைப் பார்க்காம புத்தகத்தைப் பார்த்தே சமைக்கிறவன் சோறு தின்னிருக்கியா? ஒரு வாரம் அட்டையை எடுத்து உள்ள வை. தப்பு வரும். வரட்டும்.

எண்ணிக்கைக்கு வழி இருக்கு, பயப்படாதே. மூணா நாலான்னு சந்தேகம் வந்தா குறைஞ்சதை எடுத்துக்கோ. மூணுன்னு வச்சுக்கிட்டு எழுந்து நின்னு மீதியை முடி. கடைசியில மறதிக்காக ரெண்டு தடவை நெத்தியைத் தரையில வச்சு சஜ்தா செய். அவ்ளோதான். முதல்ல இருந்து தொழ வேண்டாம். மனுஷன் மறந்து போவான்னு தெரிஞ்சே வச்சிருக்கிற ஏற்பாடு அது. உன்னை மாதிரி ஆளுங்களுக்கும் என்னை மாதிரி ஆளுங்களுக்கும்.

தங்கச்சி கடையில நடந்ததை எனக்கு யாரும் சொல்லலை. நீதான் சொன்னே. சின்ன வயசுலயும் அப்படித்தான், எதையாவது கேட்டுட்டே இருப்பா.

ஜனாஸா பத்தி நீ எழுதலை. தாள் தீர்ந்து போச்சா? அடுத்த தடவை எழுது.

விரிப்பு சின்னதா இருந்தா வேற வாங்கிக்கோ. இல்ல, வேண்டாம். அதுலயே தொழு.

மச்சான்


மே 2

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சூடு பட்ட கை இப்போது எப்படி? மாமிக்கு முழங்காலுக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். மாமா இந்த வாரம் வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். அவர் போகும்போது, "சரி" என்றார். நானும், "சரி மாமா" என்றேன்.

அட்டையை உள்ளே வைத்துவிட்டேன். இப்போது தப்பு அதிகம், பயம் கொஞ்சம் குறைவு.

ஆனால் பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டேன். மோட்டார் அறையில் கைப்பேசித் திசைகாட்டியை வைத்துத்தான் கிப்லா பார்த்தேன். ஏழு வாரம் அப்படித்தான் தொழுதேன். போன புதன்கிழமை ஒளு செய்ய மொட்டைமாடிக் குழாய்க்குப் போனபோது கைப்பேசியை வெளியே எடுத்தேன். முள் வேறு பக்கம் திரும்பியது. உள்ளே போனால் பழைய பக்கம், வெளியே வந்தால் புதுப் பக்கம். மோட்டாரில் இருப்பது காந்தம். முள்ளை அது இழுக்கும் என்பது முதல் வருஷம் படிக்கிற பாடம். மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏழு வாரமும் எங்கள் கட்டடத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் தொழுதிருக்கிறேன்.

அவள் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாள்.

அந்த ஏழு வாரத்தையும் திரும்பத் தொழ வேண்டுமா? அவளுக்காகக் கேட்ட துஆவெல்லாம் என்ன ஆகும்? இன்னொன்றும் கேட்கிறேன். தெரியாமல் செய்த தப்பு எல்லாவற்றுக்கும் ஒரே விதிதானா? இல்லை, சில இடங்களுக்கு விதி வேறா?

உங்கள் மாப்பிள்ளை


மே 30

மாப்பிள்ளை,

வஅலைக்கும் ஸலாம். தண்ணித்தொட்டி! படிச்சதும் அடுப்படியில தனியா சிரிச்சேன். உதவியாள் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடி வந்தான். ஆறு மாசத்துல முதல் சிரிப்பு.

எங்க கப்பல்லயும் இந்தக் கதைதான். முழுக்க இரும்பு, முள்ளை இழுக்காம என்ன செய்யும்? எந்தப் பக்கம் போனா எவ்வளவு தப்பு காட்டும்னு ஓர் அட்டை எழுதித் திசைகாட்டி பக்கத்துலயே மாட்டி வச்சிருக்காங்க. தப்பை ஒத்துக்கிட்டுதான் கப்பலே ஓடுது. உனக்குப் புடிச்ச மாதிரி அட்டை, பார்த்துக்கோ.

நீ உன்னால ஆனதைப் பார்த்துதான் நின்னே. தெரிஞ்ச உடனே திரும்பிட்டே. தொழுத தொழுகை தொழுததுதான், செல்லும். திரும்பத் தொழ வேண்டாம். துஆ எங்கயும் வழி தவறிப் போகாது. அதுக்கு முள் கிடையாது.

சில இடத்துக்கு விதி வேறயான்னு கேட்டிருக்கே. எந்த இடம்னு சொன்னாத்தானே சொல்ல முடியும்?

ஜனாஸா பத்தி மூணாவது தடவையா கேக்குறேன். எத்தனை வரிசைன்னாவது சொல்லு. உனக்கு எண்ணத் தெரியும்ல?

உடம்பைப் பார்த்துக்கோ.

மச்சான்


ஜூலை 18

மாப்பிள்ளை,

ஸலாம். நல்லா இருக்கேன். உன்கிட்ட இருந்து ஒண்ணும் வரலை. ரெண்டு துறைமுகத்துலயும் ஏஜென்ட் ஆபீசுக்கு நானே நடந்து போய்க் கேட்டேன். நான் கடைசியா எழுதினதுல ஏதாவது குத்தலா பட்டிருந்தா மன்னிச்சுக்கோ. என் வாய் அப்படி.

ஒரு வரி போடு.

மச்சான்


ஆகஸ்ட் 2

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் குத்தலாக ஒன்றும் எழுதவில்லை. எனக்குத்தான் எழுத வரவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஜனாஸாத் தொழுகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். நான் நாலு வருஷமாக அவள் தொழுவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். "அல்லாஹு அக்பர்" என்றால் குனிவாள். மறுபடி சொன்னால் நெற்றியைத் தரையில் வைப்பாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இமாம் முதல் முறை "அல்லாஹு அக்பர்" என்றதும் எல்லாரும் கை தூக்கிக் கட்டினார்கள். நானும் கட்டினேன். இமாம் இரண்டாவது முறை சொன்னார். நான் குனிந்தேன்.

யாரும் குனியவில்லை. ஜனாஸாவுக்குக் குனிகிற ருகூ கிடையாது, சஜ்தா கிடையாது, முழுக்க நின்றுகொண்டே தொழுவது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அத்தனை பேர் நிற்கிறார்கள். அவள் எனக்கு முன்னால் நாலு எட்டில் இருக்கிறாள். நான் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துப் பாதங்கள் அசையவில்லை என்பதைப் பார்த்துத்தான் தப்பு என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் எழத் தெரியவில்லை. எப்போது எழுவது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

மாமா கட்டியிருந்த கையை அவிழ்த்து, என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு திரும்பக் கட்டிக்கொண்டார். அன்றைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து எதிரே உட்காருகிறார்.

அவளுக்கென்று எல்லாரும் சேர்ந்து கேட்கிறது அது ஒரே ஒரு முறைதான். அதில் நான் மட்டும் தப்பாக நின்றேன். அவளைக் கட்டிக்கொண்டதற்கு அவளுக்குக் கிடைத்தது இதுதான் என்று ஊரே பார்த்தது. என்னால் அவளுக்குப் போக வேண்டியது ஏதாவது குறைந்திருக்குமா? தினமும் ஐந்து வேளையும் இதைத்தான் கேட்கிறேன், துஆ என்ற பெயரில். பதில் தெரியாமல் எண்ணிக்கை விட்டுப்போகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது சரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுதுவதை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

உங்கள் தங்கை கணவன்


செப்டம்பர் 6

மாப்பிள்ளை,

வஅலைக்கும் ஸலாம்.

உன் கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். மஞ்சள் கறை பட்டுடுச்சு.

நீ குனிஞ்சது அவளுக்குக் குறையா போச்சான்னு கேக்குறே. நான் மார்க்கம் படிச்ச ஆலிம் இல்ல, சமையல்காரன். ஆனா ஒண்ணு தெரியும். ஜனாஸாத் தொழுகை எல்லார் மேலயும் கடமை. கொஞ்சம் பேர் நின்னு தொழுதுட்டா, வராதவங்க மேல இருந்தும் அந்தக் கடமை இறங்கிடும்.

வராதவன் நான்.

சேதி வந்தப்ப கப்பல் கரையில நின்னுச்சு. நடுக்கடல்ல இருந்தேன்னுதானே நீங்க எல்லாரும் நினைக்கிறீங்க? அடக்கம் ஆன பிறகு உம்மாகிட்ட நான்தான் அப்படிச் சொன்னேன். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, "காலையில விமானம் இருக்கு, போயிட்டு வா"ன்னார். "இருபத்திரெண்டு பேருக்கு யார் சமைக்கிறது?"ன்னு கேட்டேன். "ரொட்டி தின்னுக்கறோம், போய்யா"ன்னார். வாப்பாகிட்ட பார்க்குறேன்னு மட்டும் சொன்னேன், அவர் எனக்காக அடக்கத்தை மறுநாள் சாயங்காலம் அஸருக்குத் தள்ளி வச்சார். நேரம் இருந்துச்சு. நான் போகலை.

அவ கல்யாணத்துக்கு முன்னால சொன்னேன், "உனக்காகத்தான் கலிமா சொல்றான், ஒரு வேளை தொழ மாட்டான் பாரு." அவ, "தொழுவான் காக்கா, அவசரப்படாதே"ன்னா. அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவா. நாலு வருஷம் அவகிட்ட பேசலை. அவ பெருநாளைக்குப் பெருநாள் போன் பண்ணுவா. அடிச்சு அடிச்சு நிக்கும். நான் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டுப் பார்த்துட்டு இருப்பேன். அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எப்படி வந்து நிக்கிறது?

அப்புறம் நீ எழுதுறே, தொழக் கத்துக்குடுங்கன்னு. அன்னைக்குப் படிச்சிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டேன். சமையல்காரனுக்கு அது ஒரு வசதி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சேதி வந்த நாள்ல இருந்து நான் தொழலை. உனக்கு எழுதினதெல்லாம் சின்ன வயசுல வாப்பா சொல்லித் தந்தது. விரிப்பை விரிப்பேன், திரும்பச் சுருட்டி வச்சிடுவேன். எத்தனை வேளை விட்டேன்னு கணக்கே இல்ல.

நீ குனிஞ்சுட்டேன்னு அழறே. என் பங்கையும் சேர்த்துதான்யா நீ குனிஞ்சே. என் கடமை இறங்கினது உன் வரிசையாலதான்.

இப்பவாவது எத்தனை வரிசைன்னு சொல்லுவியா?

மச்சான்


செப்டம்பர் 29

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மாமி இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார். போன வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது அஸருக்கு நேரமாகிவிட்டது. முதல் முறையாக அவருக்குப் பக்கத்தில் நின்று தொழுதேன். முடித்ததும் பழம் உரித்துக் கொடுத்தார். நீங்கள் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

அன்றைக்கு மழை இல்லை. வெயிலும் இல்லை. பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது. தொழ வைத்தவர் அந்தப் பள்ளியின் இமாம், கறுப்புத் தாடிக்காரர், சளி பிடித்த குரல். மொத்தம் முப்பத்தொரு பேர். மூன்று வரிசை வேண்டும் என்று பிரித்து நிற்க வைத்தார்கள். அதனால் ஒரு வரிசையும் நிறையவில்லை. அவள்மீது வெள்ளைத் துணி, அதன்மேல் ஒரு பச்சைப் போர்வை. போர்வையின் ஒரு மூலை தரையில் பட்டது. யாரோ எடுத்து மேலே போட்டார்கள். அவள் கடை முதலாளி மூன்றாவது வரிசையில் நின்று சத்தமாக அழுதார்.

நாலு ஐம்பதுக்குத் தொடங்குவதாக இருந்தது. ஐந்து ஐந்துக்குத் தொடங்கினார்கள். இமாம் இரண்டு முறை மாமாவைப் பார்த்தார். மாமா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வரிசையில் நான் வலது ஓரம். என் இடப்பக்கம் மாமா. என் வலப்பக்கம் யாரும் இல்லை. எனக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். குனிந்தபோது அந்தப் பக்கம் வெறும் தரைதான் தெரிந்தது. அப்போது எனக்குக் காரணம் தெரியாது. அது உங்கள் இடம்.

அவள் அடக்கமான இடத்தில் இன்னும் கல் வைக்கவில்லை. நீங்கள் வந்த பிறகு வைக்கலாம் என்று மாமா சொல்கிறார்.

எத்தனை வேளை விட்டேன் என்று கணக்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒருவர் சொல்லித் தந்த வழி இருக்கிறது. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒன்றுமே தொழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், மச்சான். அதிலிருந்து எழுந்து நில்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை